கொடிவேரியில் தண்ணீர் நிற்பதில்லை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உள்ளூரைப் பாடமாக்குதல்' என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த உள்ளூர் ஒன்றுதான். ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் பக்கம். அங்கே பவானி ஆற்றின் குறுக்கே இருக்கும் கொடிவேரி அணையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். அருவிபோல் விழும் தண்ணீரில் குளித்திருப்பீர்கள், பொரித்த மீன் சாப்பிட்டிருப்பீர்கள். போகாதவர்களும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நானும் சிறு வயதிலிருந்தே அந்த அணையைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நீர்வளம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "அணை என்பது ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்கி வைக்கக் கட்டப்படுவது" என்று கரும்பலகையில் எழுதினேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சர், கொடிவேரியில தண்ணி நிக்கறதே இல்லீங்களே. மேலாலயே வழிஞ்சு போயிட்டுத்தானுங்க இருக்குது. அதையும் அணைன்னுதானுங்க சொல்றோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உட்கார வைத்தேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை முதலில் சொல்கிறேன். அதன்பின் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள்.

அணைகளில் பல வகை உண்டு. பவானிசாகர் ஒரு வகை. அது நீர்த்தேக்கம். மழைக்காலத்தில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடுவது அதன் வேலை. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் நீர்மட்டம் மனப்பாடம். முழுக் கொள்ளளவு 105 அடி, 32.8 டி.எம்.சி. என்று நாளிதழைப் பார்த்தே சொல்வார்கள்.

கொடிவேரி வேறு வகை. இது தண்ணீரைச் சேமிப்பதில்லை, மட்டத்தை உயர்த்துகிறது. ஆறு எப்போதும் பள்ளத்தில் ஓடுகிறது. வயல் மேட்டில் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்புச் சுவர் கட்டினால், அதற்குப் பின்னால் தண்ணீர் சில அடி உயரும். உயர்ந்த அந்த மட்டத்தில் இரு கரையிலும் வாய்க்கால் வெட்டி மதகு வைத்தால், எந்திரமும் மின்சாரமும் இல்லாமல் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறும். மீதித் தண்ணீர் சுவரின் மேல் வழிந்து ஆற்றோடு போகும். நாம் அருவி என்று நினைத்துக் குளிப்பது அந்த மீதித் தண்ணீரில்தான்.

கொடிவேரியின் வலது கரையில் புறப்படுவது தடப்பள்ளி வாய்க்கால். இடது கரையில் புறப்படுவது அரக்கன்கோட்டை வாய்க்கால். இரண்டும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. கோபியைச் சுற்றி நெல்லும் கரும்பும் வாழையும் மஞ்சளுமாகப் பச்சையாகத் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி இந்தத் தாழ்ந்த சுவரால் விளைவது. கி.பி. 1125ஆம் ஆண்டளவில் கொங்காள்வான் என்ற சிற்றரசர் இதைக் கட்டியதாக வழங்கி வருகிறது. ஏறத்தாழ 900 ஆண்டுகள். கொடிவேலி என்னும் மூலிகைச் செடி அந்தப் பகுதியில் மண்டிக்கிடந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இதை வகுப்பில் விளக்க எனக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. பள்ளிக் குழாயடியிலிருந்து தண்ணீர் ஓடும் சிறு கால்வாயில், குறுக்கே ஒரு செங்கல்லை வைக்கச் சொன்னேன். பக்கவாட்டில் விரலால் இரண்டு கீறல் போட்டோம். செங்கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஏறி, கீறல்களில் ஓடி, மீதி செங்கல்லுக்கு மேல் வழிந்தது. கேள்வி கேட்ட மாணவி குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இது தண்ணிய நிறுத்தறது இல்லீங்க, திருப்பறது" என்றாள். இரண்டு வாரமாக நான் தேடிய வரி அதுதான்.

இதே பவானி ஆற்றில் மூன்று காலத்து மூன்று அணைகள் இருக்கின்றன. நடுவில் கொடிவேரி. கீழே, பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் காலிங்கராயன் அணை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டியது. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது. 15,743 ஏக்கர் பாசனம் பெறுகிறது. மேலே 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர். அதிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. ஓடி, 2,07,000 ஏக்கர் புதிய நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது.

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஆற்றின் மேல்பகுதியில் புதிதாக ஒரு பெரிய அணை கட்டினால், கீழே நூற்றாண்டுகளாகப் பாசனம் செய்து வந்தவர்களின் கதி என்ன? தண்ணீர் முழுவதையும் மேலேயே பிடித்து வைத்துவிட்டால் கொடிவேரியில் வழிவதற்கு என்ன இருக்கும்? அதனால்தான் 'பழைய ஆயக்கட்டு', 'புதிய ஆயக்கட்டு' என்ற பிரிவு இருக்கிறது. கொடிவேரிக்கும் காலிங்கராயனுக்கும் உரிய தண்ணீரைப் பவானிசாகரிலிருந்து ஆற்றில் திறக்கிறார்கள். பழைய ஆயக்கட்டில் இரு போகம் விளைகிறது.

கீழ்பவானியின் புதிய ஆயக்கட்டில் எல்லா நிலத்துக்கும் ஒரே பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் தர முடியாது. அதற்கு ஒரு வழி கண்டார்கள். வாய்க்காலின் மதகுகளுக்கு எண் கொடுத்து, ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த பருவம் என்று 1,03,500 ஏக்கர் வீதம் மாற்றி மாற்றித் தருகிறார்கள். ஒரு பருவத்தில் நெல், மறு பருவத்தில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர். ஒற்றை எண், இரட்டை எண் என்பதை நாம் ஆரம்ப வகுப்பிலேயே நடத்திவிடுகிறோம். அந்த எண்ணை வைத்து இரண்டு லட்சம் ஏக்கருக்கு நீர்ப்பங்கீடு நடக்கிறது என்று எந்தக் கணக்கு வகுப்பிலாவது சொல்லியிருக்கிறோமா?

கணக்கு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வாய்க்காலில் இத்தனை கன அடி திறப்பு" என்று தினமும் செய்தி வருகிறது. நொடிக்கு ஒரு கன அடி என்றால் எவ்வளவு என்று எங்கள் கணித ஆசிரியரும் நானும் பத்தாம் வகுப்பு மாணவர்களும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். நொடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. அதாவது 24 லட்சம் லிட்டருக்கும் மேல். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க 3,630 கன அடி, ஏறத்தாழ 1,02,800 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தால் ஊற்றினால் சுமார் 6,850 குடம். ஆகவே நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடும் தண்ணீர், வழியில் இழப்பு எதுவும் இல்லாவிட்டால், கிட்டத்தட்ட 24 ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். கொடிவேரியின் 24,504 ஏக்கரிலும் ஓர் அங்குலம் நிற்க வேண்டுமானால் சுமார் 8 கோடியே 89 லட்சம் கன அடி வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கணக்கு முடிந்த அன்று ஒரு மாணவன், "நாங்க குழாயடியில சண்டை போடறது பத்துக் குடத்துக்குங்க. இது ஒரு ஏக்கருக்கே ஏழாயிரம் குடம் ஆகுதே" என்றான். பெருக்கல் வகுத்தலை இத்தனை ஆர்வமாக அவர்கள் போட்டு நான் பார்த்ததில்லை.

'இழப்பு எதுவும் இல்லாவிட்டால்' என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் என் தவறு வருகிறது.

தண்ணீர் குறைவாக இருந்த ஓர் ஆண்டு. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் முதல் பாடவேளையிலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கினான். இரண்டாவது முறையும் தூங்கினான். எழுப்பி ஏன் என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி எங்களுக்கு மொறைத் தண்ணிங்க டீச்சர்" என்றான்.

எங்கள் வீட்டில் நிலம் கிடையாது. அப்பா மாதச் சம்பளக்காரர். வாய்க்கால் கரையில் வளர்ந்தும், முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. ராத்திரியில் சினிமா பார்த்துவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை வெளியே நிற்க வைத்தேன். மறுநாள் பெற்றோரை அழைத்து வரச் சொன்னேன்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். வேலைக்குப் போகும் வழியில் வந்தவர், நிற்கவும் நேரமில்லாமல் பேசினார்.

"தப்புதானுங்க டீச்சர். அவிங்கப்பாவுக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எங்க மொறை. நாங்க கடைமடைங்க. மேல யாராச்சும் மடையத் தொறந்து வுட்டுட்டா எங்க காட்டுக்கு வந்து சேராதுங்க. டார்ச் எடுத்துக்கிட்டுக் கரையோட நடந்து பாக்க இவன்தானுங்க போகோணும். இனிமே அனுப்பலீங்க."

'இனிமே அனுப்பலீங்க' என்றால், அந்த முறைத் தண்ணீர் போனால் போகட்டும் என்று பொருள். பையனின் படிப்புக்காக ஒரு பயிரை விட அந்த அம்மா தயாராக வந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான்தான் தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா" என்று சொன்னேன். அவனிடமும் வகுப்பின் முன்னால் அதையே சொன்னேன். அவன் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்தேன். அணை, ஆயக்கட்டு, கன அடி என்று எல்லாவற்றையும் படித்து வகுப்பில் சொன்ன எனக்கு, அந்த அணையின் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேருவது எப்படி என்று தெரியவில்லை. அது தெரிந்தவனை நான் வெளியே நிற்க வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அவனையே ஆசிரியராக்கினேன். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முப்பது அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். அதை ஒட்டி ஐந்து பாத்திகள். மாணவர்கள் அவற்றை ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர், ஒரு ஏக்கர், மூன்று ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டார்கள். ஆக எட்டு ஏக்கர். குழாயைத் திறந்து நாற்பது நிமிடம் தண்ணீர் விடலாம் என்று தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தார். ஐந்து குழுக்கள், ஆளுக்கு ஒரு பாத்தி.

முதல் நாள் விதி எதுவும் சொல்லவில்லை. தலைமடைக் குழு மடையைத் திறந்தது, பாத்தி நிரம்பி வழிந்தது, அவர்கள் மூடவில்லை. நான்காவது பாத்திக்குச் சேறுதான் வந்தது. ஐந்தாவது பாத்தி காய்ந்து கிடந்தது. தலைமடைக் குழுவில் இருந்தவர்கள் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. "மூடணும்னு தோணலீங்க டீச்சர், தண்ணி வந்துட்டே இருந்துச்சு" என்றார்கள்.

இரண்டாம் நாள் கணக்குப் போட்டார்கள். நாற்பது நிமிடம், எட்டு ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து நிமிடம். சரியான வகுத்தல். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கடைசிப் பாத்திக்குரிய ஐந்து நிமிடம் தொடங்கியபோது தண்ணீர் இன்னும் வழியிலேயே இருந்தது. காய்ந்த வாய்க்கால் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் முறை முடிந்துவிட்டது. கணக்குச் சரி, பங்கு சரியில்லை.

அப்போதுதான் அந்த மாணவன் பேசினான். "மொறை நேரத்த மடை தொறந்ததிலிருந்து எண்ணக் கூடாதுங்க. வயல் வாய்க்குத் தண்ணி வந்து சேந்ததிலிருந்து எண்ணோணும்."

தண்ணீர் ஒவ்வொரு மடையாக நகர்ந்து போக ஆகும் நேரத்தைக் கூட்டினார்கள். எட்டு நிமிடம் வந்தது. நாற்பதில் எட்டுப் போக முப்பத்திரண்டு. ஏக்கருக்கு நான்கு நிமிடம். தலைமடைக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க பாத்திக்குத் தண்ணி ஒடனே வந்துருது. கடைசிப் பாத்தி தூரத்துல இருக்கறதுக்கு எங்க நேரத்த எதுக்குக் கொறைக்கறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். நான் குறுக்கிடவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "வாய்க்கால் எல்லாத்துக்கும் பொதுதானுங்க. அது குடிக்கற தண்ணியும் பொதுதானுங்க."

அதன்பிறகு வாதம் நீளவில்லை. நான்கு நிமிடம் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் ஐந்து பாத்திகளும் நனைந்தன.

ஒரு பெண் குழு வாய்க்காலில் கிடந்த புல்லையும் கல்லையும் எடுத்துவிட்டுச் சோதித்தது. எட்டு நிமிட இழப்பு ஐந்தாகக் குறைந்தது. "தூர்வாரினால் தண்ணீர் மிச்சம்" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "நேற்று விட்ட தண்ணீரில் மண் ஏற்கெனவே நனைந்திருக்கிறதே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. நான்கு நாள் காயவிட்டு மறுபடி செய்தார்கள். இப்போது ஆறு நிமிடம். அதாவது குறைந்த மூன்று நிமிடத்தில் ஒன்று ஈரத்தின் வேலை, இரண்டு தூர்வாரியதன் பலன். எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நல்ல அறிவியல் பாடம் அது.

வேறொரு மாணவன் இன்னொரு கோணத்தைக் கொண்டுவந்தான். அவன் வீட்டில் வாய்க்கால் பாசனம் இல்லை, கிணற்றுப் பாசனம். "வாய்க்கால் குடிக்கற தண்ணி வீணாப் போறதில்லீங்க டீச்சர். வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தான் எங்க கிணத்துல ஊறும்" என்றான். அவன் சொன்னதும் உண்மை. கசிவு நீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளை நிரப்புகிறது; ஒரு பகுதி மீண்டும் ஆற்றுக்கே திரும்புகிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைப்பது பற்றி நம் மாவட்ட விவசாயிகளிடம் ஏன் இரு கருத்து நிலவுகிறது என்பது அன்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்பவர் ஒரு பக்கம். கசிவு நின்றால் கிணறும் குடிநீரும் போய்விடும் என்பவர் மறுபக்கம். எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று அவர்கள் பார்த்ததே போதும்.

இந்தப் பாடத்தை உங்கள் வகுப்பில் எப்படிக் கொண்டுபோகலாம் என்று சில யோசனைகள் சொல்கிறேன்.

ஆரம்ப வகுப்புகளுக்குச் செங்கல்லும் குழாய்த் தண்ணீரும் போதும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும், தடுத்தால் உயரும், வழி கொடுத்தால் திரும்பும் என்ற மூன்றையும் கையால் செய்து பார்க்கட்டும்.

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு சொற்களஞ்சியமே இருக்கிறது. மதகு, மடை, தலைமடை, கடைமடை, வாய்க்கால், கொப்பு வாய்க்கால், ஆயக்கட்டு, போகம், முறை, கலிங்கு, மராமத்து. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி இன்னும் பத்துச் சொல் சேர்த்து வரச் சொல்லுங்கள். அகராதியில் இல்லாதவையும் வரும்.

கணித ஆசிரியர்களுக்குக் கன அடி, ஏக்கர், விகிதம், ஒற்றை இரட்டை எண்கள். நாளிதழில் வரும் நீர்மட்டத்தை ஒரு மாதம் குறித்து வைத்தால் கோட்டு வரைபடம் தயார்.

சமூக அறிவியலுக்கு உரிமை, பங்கீடு, பராமரிப்பு. வாய்க்காலைத் தூர்வாருவது யார் பொறுப்பு, அதில் குப்பையும் சாக்கடையும் கலப்பது யாரைப் பாதிக்கிறது என்ற கேள்விகள். காலிங்கராயன் வாய்க்காலில் ஆலைக் கழிவு கலந்ததால், அதைத் தனியே கொண்டுபோக வாய்க்காலை ஒட்டியே ஒரு 'பேபி வாய்க்கால்' கட்ட வேண்டி வந்தது. சுமார் 700 ஆண்டு ஓடிய வாய்க்காலை நம் தலைமுறை என்ன செய்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகளை அணைக்கு அழைத்துப் போனால் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழிந்து விழும் தண்ணீருக்குக் கீழே சுழல் இருக்கும். பாசி பிடித்த கல் வழுக்கும். மேலே மதகைத் திறந்தால் சற்று நேரத்தில் வரத்து கூடிவிடும். தண்ணீர் ஓடும் வாய்க்காலும் அப்படியே. பெற்றோர் ஒப்புதலும், துறை அலுவலர்களின் அனுமதியும், போதிய ஆசிரியர்களும் இல்லாமல் போகவே வேண்டாம். நான் சொன்ன பாடத்தில் பெரும்பகுதி பள்ளி மைதானத்திலேயே நடந்தது.

எங்கள் ஊரில் கொடிவேரி இல்லையே என்று சிலர் நினைக்கலாம். கொடிவேரியைப் போன்றவை எங்கும் இருக்கின்றன. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவையும் தண்ணீரைத் திருப்பிவிடும் வகைதான். அணைக்கட்டு இல்லாத ஊரில் ஏரியும் கண்மாயும் கலிங்கும் மடையும் இருக்கும். அதுவும் இல்லாத ஊரில் ஓடையில் ஒரு தடுப்பணையாவது இருக்கும். எங்கே ஒரு மடை இருக்கிறதோ அங்கே ஒரு கடைமடையும் உண்டு. அந்தக் கடைமடை வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காலையில் தூங்குகிற பிள்ளையிடம், தூங்காதே என்று சொல்லும் முன், ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். முறைத் தண்ணீர் நாட்களை அந்தந்த மாணவர்கள் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் முதல் பாடவேளையில் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. விட்டுப்போன பாடத்தை மாலையில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகள் ராத்திரியில் வாய்க்கால் கரையில் நடக்க வேண்டிய நிலை நல்லது என்று நான் சொல்லவில்லை. அது மாறத்தான் வேண்டும். மாறும்வரை அந்தக் குடும்பத்தின் சிரமத்தோடு பள்ளியும் ஒரு சிரமமாகச் சேர்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் செய்கிறோம்.

அந்த ஆண்டுத் தேர்வில், "அணை என்றால் என்ன? உன் சொந்தச் சொற்களில் எழுதுக" என்று ஒரு கேள்வி வைத்தேன். முதலில் கேள்வி கேட்ட மாணவி, "ஆற்றை நிறுத்தாமல் அதன் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்து நிலத்துக்கும் போகச் செய்வது. சில அணைகள் சேமித்தும் வைக்கும்" என்று எழுதியிருந்தாள். பாடப்புத்தக வரியைவிட நன்றாக இருந்தது.

கடைமடை மாணவன் எழுதியிருந்தது இரண்டே வரி: "அணை கட்டினால் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும். கடைசி வயலுக்கு வர, நடுவில் இருப்பவர்கள் மடையை மூட வேண்டும்."

அந்தக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண். இரண்டையும் போட்டேன். அந்த விடைத்தாளை மட்டும் அவனிடம் கேட்டு வாங்கி என்னிடமே வைத்திருக்கிறேன்.